மூன்று சக்கர பைக்கில் ஆயில் கசிவு: மூன்று தடவை சீல் மாற்றியும் நிற்கவில்லை

பிப்ரவரி 2, வாசகர் கேள்வி

சைட்கார் (பக்கத்தில் ஒரு சக்கரத்தோடு பூட்டும் இருக்கைப் பெட்டி) பூட்டிய பைக் வைத்திருக்கிறேன். 750 சிசி, இருபக்கமும் படுத்த நிலையில் இரண்டு சிலிண்டர், காற்றில் குளிரும் எஞ்சின். ஒன்றரை வருடமாக ஆயில் கசிகிறது. டேப்பெட் கவர் (சிலிண்டர் முனையில் வால்வுகளை மூடும் மூடி) பேக்கிங் இரண்டு தடவை, பின்பக்க கிராங்க் சீல் (சுழலும் கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் வளையம்) மூன்று தடவை மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து நாள் சுத்தமாக இருக்கும், அப்புறம் பழையபடி ஒழுக ஆரம்பித்துவிடும். சீல் மட்டமானது என்பதுதான் என் முடிவு. நல்ல சீல் எது என்று சொல்லுங்கள்.

பிப்ரவரி 3

சீல் மட்டமில்லை. மூன்று சீலும் ஒரே மாதிரி பதினைந்து நாளில் தோற்றிருக்கிறது என்றால், அதை உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது. நாலாவது சீல் வாங்காதீர்கள்.

என்னிடமும் இதே வகை வண்டிதான், பதினோரு வருடமாக. அதில் நான் மாற்றாத பேக்கிங் இல்லை. அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன்: ஆயில் எங்கிருந்து வருகிறது என்று கண்ணால் பார்த்தீர்களா, இல்லை சொட்டு விழுகிற இடத்தை வைத்து முடிவு செய்தீர்களா? சொட்டு விழுகிற இடம்தான் கசிகிற இடம் என்பதில்லை. ஆயில் கீழே இறங்கும், ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். முன்பக்க கவரில் கசிந்தது கிராங்க் கேஸின் (எஞ்சினின் நடு உறை) அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டே போய், பின்னால் கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் சொட்டாகத் தொங்கும். பார்ப்பவர் பின் சீல் போய்விட்டது என்பார். எஞ்சினைக் கழற்றிய பிறகு சீல் காய்ந்து கிடக்கும்.

எஞ்சின் ஆறியதும் மண்ணெண்ணெயும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு முழுதாகக் கழுவுங்கள். ஃபின் (சிலிண்டரைக் குளிரவைக்கும் தகடுகள்) இடுக்கு, போல்ட் தலை, கவர் சேருகிற கோடு எல்லாம். நன்றாகத் துடைத்து, ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் பத்து நிமிடம் மட்டும் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தில் எது மிக மேலேயும் மிக முன்னேயும் இருக்கிறதோ, அதுதான் பிறப்பிடம். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் எஞ்சின் முழுக்கப் பூசியிருக்கும், ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 4

நேற்று சொல்ல விட்டுப்போனது. கழுவிக் காய்ந்த பிறகு, சந்தேகப்படும் இடங்களில் உடம்புக்குப் போடும் வெள்ளைப் பவுடரை லேசாகத் தூவுங்கள். ஆயில் தொட்ட இடம் மட்டும் பழுப்பாக மாறும். புகைப்படம் எடுத்தால் அந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். ஆயிலில் கலக்கும் புறஊதாச் சாயமும் இருக்கிறது. கலந்து ஓட்டிவிட்டு, இருட்டில் புறஊதா விளக்கடித்தால் கசிவு மஞ்சள் பச்சையாக ஒளிரும். நான் இரண்டும் செய்திருக்கிறேன். வெளியே தெரிகிற கசிவுக்குப் பவுடரே போதும். எட்டிப் பார்க்க முடியாத இடத்துக்குத்தான் சாயம்.

பிப்ரவரி 9

பவுடர் படம் அனுப்பியிருக்கிறீர்கள். மூன்று இடம் தெரிகிறது: ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட், சைட்கார் பக்கத்து டேப்பெட் கவரின் அடி விளிம்பு, அப்புறம் கிளட்ச் உறையின் அடியில் இருக்கும் சின்னத் துளை. மூன்றுக்கும் ஒரே காரணம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எளியதிலிருந்து ஆரம்பிப்போம்.

டிரெயின் போல்ட். அதன் வாஷரை எப்போது மாற்றினீர்கள்? செம்பு வாஷர் ஒரு தடவை நசுங்கியதும் இறுகிவிடும். மறுபடி போட்டால் முகத்தோடு படியாது. படியவில்லையே என்று இன்னும் கொஞ்சம் முறுக்குவோம், அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம். அலுமினியத்தில் வெட்டிய மரை (த்ரெட்) ஒரு நாள் போல்ட்டோடு சேர்ந்து கம்பிச்சுருள் மாதிரி வெளியே வரும். எனக்கு வந்திருக்கிறது. ரெஞ்சில் இறுக்கம் கூடிக்கொண்டே போய், திடீரென்று கை வெண்ணெயில் இறங்கின மாதிரி இலகுவானது. அந்த உணர்வு இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது. பிறகு த்ரெட்டைப் பெரிதாக வெட்டி எஃகுச் சுருள் பதித்துச் சரிசெய்தேன். அது இன்றுவரை நன்றாகவே இருக்கிறது.

புது வாஷர் கையில் இல்லையா, பழைய செம்பு வாஷரையே இளக்கி மறுபடி போடலாம். ஒரு கம்பியில் கோத்து அடுப்புச் சுடரில் பிடியுங்கள். முதலில் வானவில் மாதிரி நிறம் ஓடும், அப்புறம் கறுக்கும், அப்புறம் மங்கிய சிவப்பு வரும். சிவப்பு வந்ததும் தண்ணீரில் போடுங்கள். இரும்புக்குத் தண்ணீர் இறுக்கம் தரும், செம்புக்கு அப்படி இல்லை, இளகியே இருக்கும். கறுப்பு மேல்தோலை நைசான உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் போடுங்கள். அலுமினிய வாஷரில் இதைச் செய்யாதீர்கள். அது சிவக்காது, நேரே உருகிவிடும்.

கவர் போல்ட்டுகள் பெரும்பாலும் எம்6, அதாவது 6 மில்லிமீட்டர் தடிமன். அதற்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. கையில் அது எவ்வளவு குறைவு என்பதை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளக்கும் ரெஞ்ச்) வைத்து ஒரு தடவை முறுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கசிகிறது என்று நாம் முறுக்குகிற முறுக்கில் போல்ட் இருக்கும் இடத்தில் கவர் அமுங்கி, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் வில்லாக எழும்பும். ஆயில் அந்த நடுவில் வரும். கவரைக் கழற்றிக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து வையுங்கள். தட்டினால் ஆடுகிறதா, விளிம்புக்கடியில் மெல்லிய தகடு நுழைகிறதா பாருங்கள்.

பிப்ரவரி 10

ஒரு திருத்தம். எஞ்சின் சூடாக இருக்கும்போதே கவர் போல்ட்டை முறுக்கிவிடலாமா என்று கேட்டதற்கு, நேற்றிரவு அவசரத்தில் தனிச்செய்தியில் சரி என்று எழுதிவிட்டேன். தவறு. ஆறிய பிறகுதான் முறுக்க வேண்டும். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், கையேட்டில் இருக்கும் டார்க் அளவுகள் ஆறிய எஞ்சினுக்கானவை. சூட்டில் த்ரெட்டும் எளிதில் போகும்.

பிப்ரவரி 21

சிலிகான் தடவினால் நின்றுவிடும் என்று உங்கள் பக்கத்து மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். நிற்கும். ஆனால் எப்படித் தடவுகிறார் என்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

எட்டு வருடம் முன்பு என் வண்டியில் எஞ்சின் ஆயில் நிற்கும் அடித்தொட்டியைக் கழற்றினேன். எனக்கு முன் யாரோ அதைக் கழற்றி, தாராளமாகச் சாம்பல் நிற சிலிகான் போட்டு மூடியிருந்தார்கள். வெளியே பிதுங்கியதைத் துடைத்து அழகாக்கியிருந்தார்கள். உள்ளே பிதுங்கியது யார் கண்ணிலும் படவில்லை. தொட்டியின் உள்விளிம்பு நெடுக மண்புழு மாதிரி சாம்பல் உருளைகள். சில அப்படியே ஒட்டிக்கொண்டு, சில பிய்ந்துபோய். பிய்ந்ததெல்லாம் எங்கே என்று பம்பின் வலையைத் திருப்பிப் பார்த்தேன். வலையில் பாதிக்குமேல் சாம்பல் தோல் மூடியிருந்தது. அந்த எஞ்சின் அவ்வளவு நாள் பாதி மூச்சில் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. கசிந்தால் தரை அழுக்காகும், வலை அடைத்தால் பேரிங் போகும். எது பெரிய நஷ்டம் என்று நீங்களே பாருங்கள்.

சிலிகான் வேண்டவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு பாதி சேருகிற மூலையில், ரப்பர் பேக்கிங் வளைகிற இடத்தில், ஒரு மிளகளவு வைக்கலாம். காகித பேக்கிங் இருக்கும் இடத்தில் தேவையே இல்லை. பேக்கிங் இல்லாமல் உலோகமும் உலோகமும் நேரே சேருகிற கிராங்க் கேஸ் முகத்துக்கு, காற்றில்லாத இடுக்கில் மட்டும் இறுகும் வேறு பசை இருக்கிறது. அதில் உள்ளே பிதுங்கியது இறுகாமல் ஆயிலோடு கரைந்து போகும். எதைப் போட்டாலும் இரண்டு முகமும் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருக்க வேண்டும். சிலிகான் என்றால் முழுதாக இறுக ஒரு நாள் விட வேண்டும். தடவிய அரை மணியில் ஸ்டார்ட் செய்தால் அத்தனை வேலையும் வீண்.

மார்ச் 2

டிரெயின் போல்ட் காய்ந்துவிட்டது, நல்லது. மூன்றில் ஒன்று முடிந்தது.

கிளட்ச் உறையின் அடித்துளையில் தொங்கும் சொட்டை ஒரு வெள்ளைத் தாளில் பிடியுங்கள். இந்த எஞ்சின்களில் கிளட்ச் உலர் வகை. முன்னால் எஞ்சின் ஆயில், பின்னால் கியர் ஆயில், நடுவில் காய்ந்த கிளட்ச். அந்தத் துளைக்கு ஆயில் முன்னாலிருந்து கிராங்க் சீல் வழியாகவும் வரலாம், பின்னாலிருந்து கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் சீல் வழியாகவும் வரலாம். நீங்கள் மூன்று தடவையும் கிளட்சுக்கு முன்னால் இருக்கும் கிராங்க் சீலை மட்டுமே மாற்றியிருக்கிறீர்கள்.

மோந்து பாருங்கள். கியர் ஆயிலில் கந்தகம் கலந்த சேர்மானம் இருக்கும், அழுகிய முட்டையும் கொளுத்திய தீக்குச்சியும் கலந்த மாதிரி மூக்கில் ஏறும். எஞ்சின் ஆயிலில் அது இருக்காது. கறுப்பாகவும் ஒருவித கருகல் வாசனையோடும் இருக்கும். கிளட்ச் தூளோடு கலந்தால் இரண்டுமே கறுப்புதான், அதனால் நிறத்தை நம்பாதீர்கள்.

மார்ச் 3

எஞ்சின் ஆயில்தான் என்கிறீர்கள். சரி. அப்படியானால் நான் முதல் நாள் சொன்னதற்கே வருகிறேன்: தள்ளுவது எது?

மார்ச் 15

நீளமாக எழுதப்போகிறேன். இந்த இழையில் நான் எழுதியதிலேயே முக்கியமானது இதுதான்.

உங்கள் எஞ்சினில் இரண்டு பிஸ்டனும் ஒரே நேரத்தில் உள்ளே வரும், ஒரே நேரத்தில் வெளியே போகும். அதனால்தான் அதிர்வு குறைவு. ஆனால் இரண்டும் உள்ளே வரும்போது கிராங்க் கேஸில் இருக்கும் காற்றுக்கு இடம் 750 சிசி குறைகிறது. வெளியே போகும்போது 750 சிசி கூடுகிறது. 3000 ஆர்பிஎம்மில் இது வினாடிக்கு 50 தடவை நடக்கிறது. ஒரு பிஸ்டன் ஏறும்போது இன்னொன்று இறங்குகிற 180 பாகை இரட்டை சிலிண்டர் எஞ்சினில் காற்று உள்ளுக்குள்ளேயே பக்கம் மாறிக்கொள்ளும், இவ்வளவு அமுக்கம் வராது. நம் எஞ்சின் அப்படியில்லை, அது மூச்சுவிட்டே ஆக வேண்டும். அதற்கான வழிதான் பிரீதர்.

அந்த வழி அடைத்தால் அமுக்கம் எங்கே போகும்? எது பலவீனமோ அதன் வழியாக. பின் சீலின் உதடு, டேப்பெட் கவரின் விளிம்பு, ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் மூடி. புது சீல் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் உதடு தூக்கிக்கொள்ளும். உங்கள் பதினைந்து நாள் கணக்கு அதுதான்.

பிரீதர் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒருவழி வால்வு இருந்தால் ஒரு பக்கம் போகும், மறுபக்கம் போகாது. அது சரியான நிலை. இரண்டு பக்கமும் போகவில்லை என்றால் அடைப்பு. என் வண்டியில் குழாயை வெளியே பார்த்தபோது குறையே தெரியவில்லை. நீளவாக்கில் பிளந்ததும்தான் தெரிந்தது, உள்சுவர் ரப்பர் உப்பிப் பிரிந்து, நடுவில் பென்சில் முனை நுழைகிற துளை மட்டும் மிச்சம். அதையும் வெண்மஞ்சள் கூழ் அடைத்திருந்தது. ஆயிலும் நீராவியும் கலந்தால் வருகிற கூழ் அது. எஞ்சின் முழுதாகச் சூடேறாமல் சின்னச் சின்ன தூரமே ஓட்டினால் உள்ளே வியர்க்கும் தண்ணீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் இப்படிச் சேரும். ஹெட் கேஸ்கட் (சிலிண்டர் தலையை அடைக்கும் பேக்கிங்) போய் ஆயிலில் கூலண்ட் கலந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், காற்றில் குளிரும் எஞ்சினில் உள்ளே போகக் கூலண்ட்டே கிடையாது.

ஊகம் வேண்டாம், அளந்துவிடலாம். ஆயில் குச்சித் துளையில் ரப்பர் கார்க் பொருத்தி, அதில் ஒரு மீட்டர் ஒளிபுகும் குழாயைச் செருகுங்கள். மறுமுனையை யு வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டி, பாதி உயரம் தண்ணீர் ஊற்றுங்கள். எஞ்சின் ஓடும்போது இரண்டு பக்கத் தண்ணீர் மட்டத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். எனக்குப் பழைய குழாயோடு 14 சென்டிமீட்டர். புதுக் குழாய் போட்டதும் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே நின்றது. பேக்கிங் எதையும் தொடாமலே முக்கால்வாசிக் கசிவு அன்றே நின்றது.

மார்ச் 16

தண்ணீர் தெறித்து முகத்தில் அடித்ததாம். மன்னிக்கவும், என் தவறு. அமுக்கம் துடிப்பாக வருவதால் குழாயை ஓரிடத்தில் கிளிப் போட்டு ஊசித்துளையளவு நெரிக்க வேண்டும். அப்போதுதான் துடிப்பு அடங்கி சராசரி மட்டும் தெரியும். எழுத வேண்டிய முதல் விஷயத்தையே விட்டிருக்கிறேன்.

மார்ச் 18

9 சென்டிமீட்டர். குழாய் மாற்றியதும் 6. குறைந்திருக்கிறது, போதாது.

அடுத்த சந்தேகம் பிஸ்டன் ரிங், பிஸ்டனைச் சுற்றி வாயுவை அடைக்கும் வளையம். ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து கீழே இறங்கும், எவ்வளவு நல்ல பிரீதராலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. இரண்டு சிலிண்டரிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது வரும் அழுத்தம், பாருங்கள். குறைவாக இருக்கும் பக்கத்தில் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ஒன்று, சிலிண்டர் படுத்திருப்பதால் விட்ட ஆயில் கீழ்ப்பாதியில் மட்டும் தங்கும். எஞ்சினைக் கையால் சில சுற்று சுற்றிவிட்டுப் பிறகு அளந்து பாருங்கள்.

மார்ச் 29

கம்ப்ரஷன் இரண்டு பக்கமும் சமமாக, நன்றாக இருக்கிறது. அப்படியானால் ரிங் இல்லை. இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி அப்புறம்தான் உறைத்தது: "நேர்ச் சாலையில் நூறு கிலோமீட்டர் போனாலும் காய்ந்தே இருக்கிறது, வளைவுச் சாலையில் போய்வந்தால்தான் நனைகிறது."

இங்கேதான் மூன்றாவது சக்கரம் கணக்கில் வருகிறது. இரண்டு சக்கர பைக் வளைவில் சாய்கிறது. சாய்வதால், உள்ளே இருக்கும் ஆயில் எஞ்சினைப் பொறுத்தவரை மட்டமாகவே இருக்கும். அரை டம்ளர் தண்ணீரைத் தொட்டிலில் வைத்து ஆட்டினால் சிந்தாத மாதிரி. சைட்கார் வண்டி சாயாது. அதனால் ஆயில்தான் சாயும். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஆயிலின் மேல்மட்டம் சுமார் 17 பாகை சாயும். 20 சென்டிமீட்டர் அகலத் தொட்டியில் ஒரு ஓரம் 3 சென்டிமீட்டர் ஏறும், மறு ஓரம் 3 இறங்கும். நீண்ட வளைவென்றால் அப்படியே நிற்கும். ஏறிய பக்கத்தில் ஆயில் திரும்பிவரும் துளை மூழ்கும், டேப்பெட் கவருக்குள் போன ஆயில் இறங்காது, பிரீதரின் வாய் அந்தப் பக்கம் இருந்தால் அதுவும் ஆயில் குடிக்கும். அடைப்பே இல்லாத பிரீதர் அந்த நேரத்துக்கு அடைத்ததாகிவிடும்.

இரண்டு சக்கர பைக்குகளுக்கு எழுதிய யோசனைகளை நாம் அப்படியே எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஓட்டை இதுதான். நானும் இத்தனை வருடம் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

இன்று காலி மைதானத்தில் என் வண்டியில் சோதித்தேன். கழுவி, பவுடர் தூவி, சைட்காரில் மணல் மூட்டை வைத்து, ஒரே திசையில் பத்து நிமிடம் வட்டம். சைட்காருக்கு எதிர்ப்பக்கம் திரும்பிய வட்டத்தில், ஆயில் சைட்கார் பக்கம் ஏறும்போது, அந்தப் பக்கத்து டேப்பெட் கவரின் அடி விளிம்பில் பவுடர் பழுப்பானது. மறு திசையில் ஒன்றுமில்லை. உங்கள் படத்தில் நனைந்திருக்கும் அதே விளிம்பு. மணல் மூட்டையை விட்டுவிடாதீர்கள். சைட்கார் இருக்கும் பக்கம் திரும்பும்போது அது தூக்கும்.

ஏப்ரல் 12

17 பாகை கணக்கு எல்லா சைட்கார் வண்டிக்கும் பொருந்துமே, எல்லாம் கசிவதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். சரியான கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது.

ஆயில் எவ்வளவு ஊற்றுகிறீர்கள்? என் கையேட்டில் ஆயில் குச்சியை முழுதாகத் திருகிவிட்டு எடுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது. பல வண்டிகளில் திருகாமல் சும்மா வைத்துப் பார்க்க வேண்டும், நான் அந்தப் பழக்கத்தில் இருந்தேன். திருகாமல் வைத்தால் குச்சி ஒரு சென்டிமீட்டர் மேலேயே நிற்கும், ஆயில் குறைவாகக் காட்டும். குறைவு என்று ஊற்றுவேன். போன வாரம் சூடாக வடித்து அளவுக்குவளையில் பிடித்தேன். 2 லிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 2.35.

350 மில்லி கூடுதல். நேர்ச் சாலையில் அது ஒன்றும் செய்யாது. வளைவில் ஏறுகிற அந்த 3 சென்டிமீட்டரோடு சேரும்போதுதான் விளிம்பைத் தாண்டுகிறது.

இன்னொன்று, நிற்கும் இடம். சைட்கார் வண்டி எங்கே நிறுத்தினாலும் தானே நிற்கும், அதனால் தரை மட்டமா என்று நாம் பார்ப்பதே இல்லை. லேசான சரிவில் நிறுத்தி அளந்தால் குச்சி ஏதோ ஒன்றைக் காட்டும். எஞ்சின் மேல் மட்டப்பலகை வைத்துச் சரிபார்த்த பிறகு அளந்து பாருங்கள். மட்டத்தை நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் கீழேயே வைத்திருக்கிறேன், குறைந்தபட்சக் கோட்டுக்கு மேலே. அதற்குக் கீழே விட்டால் வளைவில் பம்ப் காற்றைக் குடிக்கும், கசிவைவிட அது மோசம்.

ஏப்ரல் 13

அளவு கூடியிருந்தால் முதலில் ஆயிலை மோந்து பாருங்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர் ஊசி வால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் சிலிண்டர் வழியாகத் தொட்டியில் இறங்கினாலும் மட்டம் ஏறும். ஊற்றாமலே ஏறியிருந்தால், பெட்ரோல் வாசனை வந்தால், எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஆயிலை மாற்றி, வால்வைச் சரிசெய்த பிறகுதான். நீர்த்த ஆயில் எந்த சீலிலும் நிற்காது, பேரிங்கையும் காப்பாற்றாது.

மே 6

உங்களுக்கு 280 மில்லி கூடுதல் இருந்ததாம், வடித்ததும் டேப்பெட் கவர் காய்ந்துவிட்டதாம். படிக்கும்போது எனக்கே வண்டி சரியான மாதிரி இருந்தது. கிளட்ச் துளைச் சொட்டு குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. தண்ணீர்க் குழாயில் இப்போது 2 சென்டிமீட்டர்தான் என்றால் அமுக்கம் இல்லை. எனவே இனி சீல் இருக்கும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும். கழற்றத்தான் வேண்டும்.

இதற்கிடையில் கெட்டியான ஆயில் ஊற்றலாமா, கசிவை நிறுத்தும் திரவம் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் திரவம் ரப்பரை ஊறவைத்து உப்பவைக்கும். இறுகிப்போன சீலுக்குக் கொஞ்ச நாள் உதவும், நல்ல சீலையும் சேர்த்து ஊறவைக்கும். நான் ஊற்ற மாட்டேன். ஆயில் கையேட்டில் சொன்ன தடிமனே இருக்கட்டும்.

ஜூன் 8

கழற்றிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஃப்ளைவீல் (கிராங்கின் முனையில் சுழலும் கனமான சக்கரம்) பக்கம் நனைந்திருக்கிறது, கியர்பாக்ஸின் முன்முகம் காய்ந்திருக்கிறது. மூன்றாவது படத்தில் கிராங்கின் பளபளப்பான வளையத்தில், சீல் உதடு உட்காருகிற இடத்தில், தலைமுடி மாதிரி ஒரு வட்டக்கோடு. அதன்மேல் நகத்தை குறுக்கே இழுத்துப் பாருங்கள் என்றேன். நகம் மாட்டுகிறது என்றீர்கள்.

அதுதான். ரப்பர் எஃகைத் தேய்க்குமா என்று கேட்பார்கள். ரப்பர் தேய்ப்பதில்லை, அதன் உதட்டுக்கடியில் சிக்கிய தூசி வருடக்கணக்கில் தேய்க்கிறது. மூன்று புது சீலும் அதே பள்ளத்தில்தான் உட்கார்ந்தன. அதனால் பிப்ரவரி 3 அன்று நான் எழுதியதைப் பாதி திருத்த வேண்டும். சீல் மட்டமில்லை, அது சரி. ஆனால் எல்லாவற்றையும் அமுக்கத்தின் தலையில் போட்டேன். அமுக்கம், கூடுதல் ஆயில், பள்ளம் மூன்றும் சேர்ந்துதான் ஒழுக்கியிருக்கிறது. ஒன்றை மட்டும் சரிசெய்தபோது மற்ற இரண்டும் அதை மறைத்தன.

கிராங்கை மாற்ற வேண்டாம். பள்ளத்தின்மேல் ஏற்றும் மெல்லிய எஃகு வளையம் கிடைக்கும். அளவு கிடைக்கவில்லை என்றால் சீலை முழு ஆழத்துக்கு அடிக்காமல் ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நிறுத்துங்கள், உதடு தேயாத இடத்தில் உட்காரும். பின்னால் ஃப்ளைவீலைத் தொடாதபடி இடம் இருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்ளுங்கள்.

சீலில் சுருள் கம்பி தெரியும் பக்கம் ஆயிலைப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் ஆயில் தடவி, ஷாஃப்ட் விளிம்பில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி அதன்மேல் வழுக்கி ஏற்றுங்கள், உதடு மடங்காது. நைட்ரைல், வைட்டான் என்று இரண்டு வகை ரப்பர் சீலும் கிடைத்தால் வைட்டான் எடுங்கள். நைட்ரைல் 100 பாகைக்கு மேல் நெடுநாள் வெந்தால் இறுகிவிடும், வைட்டான் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாங்கும். டெஃப்லான் உதடு வகை என்றால் நேர்மாறு: ஆயில் தடவவே கூடாது, உலர்ந்தபடி பொருத்தி, உதடு ஷாஃப்ட்டைப் பிடிக்கச் சில மணி நேரம் விட்ட பிறகே ஆயில் படலாம்.

கிளட்ச் தட்டுகளில் ஆயில் ஊறியிருந்தால் கழுவிப் போடாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், சூடேறியதும் உள்ளிருந்து கசிந்து மறுபடி வழுக்கும். முழுச் சுமையோடு ஏற்றத்தில் வழுக்கினால் சைட்காரில் இருப்பவருக்கும் சேர்த்து ஆபத்து.

ஜூலை 2

பூட்டி 600 கிலோமீட்டர் ஆகிவிட்டதாம், பதினைந்து நாள் கணக்கும் தாண்டிவிட்டது. வளைவுச் சாலையிலும் போய்வந்திருக்கிறீர்கள். அடித்துளையில் விரலை விட்டால் தூசி மட்டும்.

ஆகஸ்ட் 20

என் வண்டிக்கும் ஒரு கணக்கு மிச்சம் இருந்தது. அளவைச் சரிசெய்த பிறகும் வண்டிக்கடியில் போடும் அட்டையில் வாரத்துக்கு ஒரு பொட்டு, எப்போதும் ஒரே இடத்தில். 20, 30 சொட்டு சேர்ந்தால்தான் ஒரு மில்லி, விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சொட்டு விழும் இடத்துக்குப் பின்னால்தான் வண்டியை ஓட்டும் பின் டயர் சுற்றுகிறது. மறுபடி கழுவி, பவுடர் தூவினேன். ஈரத்தின் தடம் மேலே ஏறிக்கொண்டே போய் ஆயில் பிரஷர் சுவிட்சில் (ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை விளக்கை எரியவிடுவது) வந்து நின்றது. த்ரெட்டில் இல்லை. சுவிட்சின் நடுவில் வயர் செருகும் பிளாஸ்டிக் வழியாகவே ஊறிவருகிறது. வயரின் ரப்பர் தொப்பியைக் கழற்றினால் உள்ளே ஒரு துளி நிறைந்து நின்றது. சுவிட்சை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

நேற்று அட்டையை மாற்றிப் புதிதாகப் போட்டேன். காலையில் குனிந்து பார்த்தேன், வெறும் அட்டை.